வாலிபால் புதிதாகப் பழகுபவர்களுக்கு: உள்ளூர் கிளப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கால்பந்து ஆடியே பழக்கமில்லாத பத்துப் பேர் நடுவில் ஒரு பந்தைப் போட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் ஏதோ ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். வாலிபாலில் அது நடக்காது. முதல் சர்வீஸ் வலையில் மாட்டும். அடுத்தது கோட்டுக்கு வெளியே போகும். மூன்றாவது எப்படியோ எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தால், வாங்குபவரின் கையில் பட்டுப் பக்கவாட்டில் பறக்கும். ஒருவர் பந்தைத் தேடி ஓட, மற்றவர்கள் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள்.

காரணம் விளையாட்டின் அடிப்படையிலேயே இருக்கிறது. மற்ற பல பந்து விளையாட்டுகளில் பந்தை நிறுத்தலாம், பிடிக்கலாம், உருட்டலாம், அடுத்து என்ன செய்வது என்று ஒரு நொடி யோசிக்கலாம். வாலிபாலில் பந்து கையில் தங்கக் கூடாது. வருகிற பந்தைப் பார்ப்பது, எங்கே விழும் என்று கணிப்பது, அங்கே போய் நிற்பது, எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுப்பது எல்லாம் கை படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். புதியவருக்கு இது கஷ்டம்தான். திறமை இல்லாததால் வரும் கஷ்டம் இல்லை இது.

அதனால் புதியவர்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கும் எந்தக் கிளப்புக்கும் முதல் வேலை ஒன்றுதான்: பந்து கொஞ்ச நேரமாவது காற்றில் இருக்கும்படி ஆட்டத்தை மாற்றியமைப்பது. உள்ளூர் கிளப்பால் இதைச் செய்ய முடியும். பரிசுக் கோப்பையும் போட்டி அட்டவணையும் அதன் கழுத்தில் கத்தியாகத் தொங்குவதில்லை.

பிறந்ததே இப்படித்தான்

வாலிபால் 1895-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்தது. அங்கே உடற்பயிற்சிப் பொறுப்பாளராக இருந்தவர் வில்லியம் ஜி. மார்கன். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், 1891-இல், பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியிருந்தார். கூடைப்பந்து நல்ல ஆட்டம்தான். ஆனால் மார்கனிடம் வந்த நடுத்தர வயது உறுப்பினர்களுக்கு அந்த ஓட்டமும் இடிபடுவதும் ஒத்துவரவில்லை. அவர்களுக்காக டென்னிஸ் வலையை ஏறக்குறைய 1.98 மீட்டர் உயரத்தில் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தி, பந்தைத் தட்டித் தட்டி அனுப்பும் ஆட்டம் ஒன்றை அமைத்தார். முதலில் அதற்கு மின்டனெட் என்று பெயர். 1896-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது, பார்த்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் சொன்ன பெயர்தான் வாலிபால்.

மார்கன் முதலில் பட்ட சிரமமும் பந்தால்தான். கூடைப்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையை மட்டும் வைத்துப் பார்த்தார். அது ரொம்ப லேசாக இருந்தது, மெதுவாகப் போனது. முழுக் கூடைப்பந்தோ கனம் அதிகம், கை வலித்தது. கடைசியில் ஸ்பால்டிங் நிறுவனத்திடம் சொல்லித் தனியாக ஒரு பந்து செய்து வாங்க வேண்டியிருந்தது. அன்றைய விதியில் ஒரு பக்கம் எத்தனை பேரும் நிற்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம். பக்கத்துக்கு ஆறு பேர், மூன்றே தொடுகை என்ற கட்டுப்பாடுகள் 1920-ஐ ஒட்டித்தான் வந்தன. 1947-இல் சர்வதேசக் கூட்டமைப்பு அமைந்தது, 1964 டோக்கியோவில் ஒலிம்பிக்கிற்குள் நுழைந்தது.

ஆக, வந்திருக்கும் ஆட்களுக்கு ஏற்ப வலையையும் பந்தையும் மாற்றிக்கொண்டதால் உருவான ஆட்டம் இது. புதியவர்களுக்காக விதியைத் தளர்த்தினால் ‘இது வாலிபாலே இல்லை’ என்று யாராவது முணுமுணுப்பார்கள். கண்டுகொள்ள வேண்டாம்.

தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

முழு மைதானம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுவில் வலை: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் உயரம். வலையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இரண்டு பக்கமும் ஒரு கோடு இருக்கும். அதற்கு முன்னால் இருப்பது முன்வரிசை, பின்னால் இருப்பது பின்வரிசை.

ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுகை. மூன்றாவதில் பந்து எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது. வலை அருகே குதித்துத் தடுக்கும் பிளாக் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பந்து தரையில் விழுந்தாலோ வெளியே போனாலோ எதிரணிக்குப் புள்ளி. 1990-களின் இறுதி வரை பெரும்பாலும் சர்வீஸ் போடும் அணி மட்டும்தான் புள்ளி எடுக்க முடிந்தது. இப்போது யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி உண்டு. 25 புள்ளிக்கு ஒரு செட், குறைந்தது 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். ஐந்தாவது செட் வரை போனால் அது மட்டும் 15 புள்ளிக்கு.

கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டியது சுழற்சி. எதிரணியிடமிருந்து சர்வீஸைத் திரும்பப் பெற்றவுடன் நம் அணியின் ஆறு பேரும் கடிகார முள் போகும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். முன்வரிசையில் வலது ஓரம் நின்றவர் பின்வரிசை வலது ஓரத்துக்கு வந்து சர்வீஸ் போடுவார். புதியவர்கள் இதைத் தொல்லையாக நினைப்பார்கள், அடிக்கடி மறந்தும் போவார்கள். எனக்கோ இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த விதி இதுதான் என்று தோன்றும். நன்றாக ஆடுகிற ஒருவர் வலை அருகேயே நின்று எல்லாப் பந்தையும் அடித்துக்கொண்டிருக்க முடியாது. கூச்சப்படுகிற ஒருவரைப் பின்மூலையில் ஒதுக்கி வைக்கவும் முடியாது. எல்லோரும் சர்வீஸ் போடுவார்கள், எல்லோரும் முன்னால் வருவார்கள். பெரிய அணிகளில் பின்வரிசைக்கென்று தனியாக லிபரோ என்ற ஆட்டக்காரர் 1990-களின் இறுதியில் வந்தார். கிளப்பில் பழகும் புதியவர்களுக்கு அது தேவையில்லை. ஒரே வேலையில் இப்போதே ஆட்களைப் பூட்டிவைக்க வேண்டாம்.

இரண்டு கை சமமாகப் படவில்லை, வலையில் விரல் உரசியது போன்ற நுணுக்கங்களுக்கு முதல் சில மாதம் விசில் ஊதாமல் இருப்பதே நல்லது. ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: நடுக்கோட்டைத் தாண்டிக் கால் எதிர்ப்பக்கம் போகக் கூடாது. முறையான விதிப்படி பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேல் இருந்தால் தவறில்லை. பயிற்சியில் அந்தச் சலுகையும் வேண்டாம். குதித்து இறங்குபவரின் கால் இன்னொருவரின் பாதத்தின் மேல் விழுந்துதான் கணுக்கால் பெரும்பாலும் மடங்குகிறது.

ஆட்டத்தைச் சிறிதாக்குங்கள்

புதியவர்களை முதல் நாளே ஆறுக்கு ஆறு நிறுத்துவதைப் போல வீணான வேலை வேறில்லை. பன்னிரண்டு பேருக்கு ஒரு பந்து. அதில் பாதி சர்வீஸ் எதிர்ப்பக்கம் போகாது. ஒரு மணி நேரம் ஆடி முடித்தும் சிலர் கை பந்தில் பட்டே இருக்காது. அவர்கள் அடுத்த வாரம் வர மாட்டார்கள். ‘ஆர்வம் இல்லை’ என்று நாமும் சொல்லிவிடுவோம்.

இதற்கு எளிய மாற்று இருக்கிறது. முழு மைதானத்தின் நீளவாக்கில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். கயிறு கண்ணுக்குத் தெரியும்படி துணித்துண்டுகளைத் தொங்கவிடுங்கள். இப்போது 18 மீட்டர் நீளத்தை 4.5 மீட்டர் வீதம் பிரித்தால் நான்கு சின்ன மைதானங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கம் 4.5 மீட்டர், அந்தப் பக்கம் 4.5 மீட்டர். இரண்டுக்கு இரண்டு ஆடினால் பதினாறு பேர், மூன்றுக்கு மூன்று ஆடினால் இருபத்து நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். பந்து நான்கு வேண்டும், அவ்வளவுதான். இறகுப்பந்து (பாட்மின்டன்) மைதானம் கிடைத்தாலும் போதும். இரட்டையர் ஆட்டத்துக்கான அதன் அளவு 13.4-க்கு 6.1 மீட்டர். மூன்றுக்கு மூன்று ஆட வசதியாக இருக்கும்.

வலையைத் தாழ்த்திக் கட்டுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 2 மீட்டரே தாராளம். அவர்கள் கையை உயர்த்தினால் விரல் நுனி வலையின் மேல்விளிம்பைத் தொடும் அளவில் இருந்தால், பந்தைத் தள்ளி அனுப்பலாம் என்ற தைரியம் வரும். முறையான பந்தின் எடை 260 முதல் 280 கிராம். சிறுவர்களுக்கென்று 200 கிராமை ஒட்டிய லேசான பந்துகள் வருகின்றன. அவை கிடைக்காவிட்டால் இருக்கிற பந்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிடலாம். கையில் பட்டால் சுளீர் என்று வலிக்காத பந்து இருந்தால் கண்ணை மூடும் பழக்கமும் முகத்தைத் திருப்பும் பழக்கமும் வராது.

இன்னும் சின்னவர்கள் என்றால் பிடித்து எறிவதிலிருந்தே தொடங்கலாம். நெதர்லாந்தில் சிறுவர்களுக்காக வகுத்திருக்கும் முறை அப்படித்தான் போகிறது: முதல் நிலையில் பந்தைப் பிடித்து வலைக்கு மேலாக எறிகிறார்கள், நிலை ஏற ஏற ஒவ்வொரு பிடியாகக் குறைந்து தட்டுவதாக மாறுகிறது. நம் கிளப்பில் இதைச் சுருக்கமாகச் செய்யலாம். முதல் பந்தைத் தட்ட வேண்டும், இரண்டாவதைப் பிடிக்கலாம், மூன்றாவதை மறுபடி தட்டி அனுப்ப வேண்டும். நடுவில் வரும் அந்த ஒரு பிடி, மூன்று பேருக்கும் மூச்சு வாங்க இடம் கொடுக்கும். பெரியவர்களுக்குக்கூட முதல் வாரம் இது பொருந்தும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையில் பந்து படும் இடம்

அடிப்படைத் திறன்களில் ஒன்றைத்தான் உருப்படியாகப் பழக நேரம் இருக்கிறது என்றால் அண்டர்ஹேண்ட் பாஸைத் தேர்ந்தெடுங்கள். எதிரணி அனுப்பும் பந்தை வாங்குவது இதில்தான். வாங்கிய பந்து நேராக மேலே எழும்பாவிட்டால் அடுத்து எதுவும் நடக்காது.

ஒரு கையின் விரல்களை இன்னொரு கையின் மேல் வையுங்கள். இரண்டு கட்டைவிரல்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மட்டத்தில், தரையைப் பார்த்து நீண்டிருக்கட்டும். விரல்களைக் கோத்துக்கொள்ள வேண்டாம், பந்து பட்டால் சுளுக்கிக்கொள்ளும். முழங்கையை நீட்டினால் இரண்டு முன்கைகளும் சேர்ந்து ஒரு தட்டையான பரப்பு கிடைக்கும். பந்து பட வேண்டியது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் உள்பக்கத்தில். கட்டைவிரலில் பட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முதல் சில நாள் அந்த இடம் சிவந்து எரியும், அப்புறம் பழகிவிடும்.

எல்லோரும் செய்யும் பிழை, கையை வீசுவது. பந்து வருகிறது, உடல் அசையாமல் நிற்கிறது, கை மட்டும் கீழிருந்து மேலே வேகமாகப் போகிறது. பந்து தலைக்குப் பின்னால் பறக்கிறது. கைக்கு வேலையே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி, பந்து விழும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று, கைகளைச் சாய்வாகக் காட்டிவிட்டு, காலை நிமிர்த்தினாலே போதும். வேகமாக வரும் பந்துக்கு அதுகூட வேண்டாம். முன்கையைக் காட்டினால் அதுவே எழும்பிவிடும். பழக்குபவர் இங்கே அதிகம் பேசக் கூடாது. ‘கையை நீட்டு, காலை மடக்கு, பந்தைப் பார், தோளைக் குறுக்கு’ என்று ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளைக்கு எதுவும் ஏறாது. ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் போதும்.

ஃபிங்கர் பாஸ் அடுத்து. நெற்றிக்கு மேலே இரண்டு கையையும் விரித்து, விரல் இடைவெளி வழியாகப் பந்தைப் பார்த்து, விரல்களால் மேலே தள்ளுவது. செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை உயரமாகப் போட்டுக்கொடுப்பவர், வேலை செய்பவருக்கு இதுதான் உயிர். மென்மையான பந்து இருந்தால் சீக்கிரம் வரும்.

சர்வீஸுக்குக் கீழிருந்து அடிப்பதே ஆரம்பத்தில் நல்லது. வலது கைக்காரர் என்றால் இடது கால் முன்னால், இடது உள்ளங்கையில் பந்து, இடுப்பு உயரம். பந்தை உயரத் தூக்கிப் போடாமல், கையிலிருந்து லேசாக விடுபடும் நேரத்தில் வலது உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடியுங்கள். முழுத் தூரத்திலிருந்து போகாவிட்டால் மைதானத்துக்குள் நான்கைந்து மீட்டர் முன்னால் வந்து நிற்கலாம். தொலைக்காட்சியில் பார்த்த குதித்து அடிக்கும் சர்வீஸை முயன்று பத்தில் ஒன்பதை வலையில் அடிப்பவரால் அணிக்கு என்ன லாபம்?

ஸ்மாஷ்? அதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உயரமாகப் போட்டுக்கொடுத்த பந்தை இன்னொருவர் ஓங்கி அடிக்கும் பாணி 1916-இல் பிலிப்பைன்ஸில் உருவானதாகச் சொல்வார்கள். அதற்கு முன்பு இருபது ஆண்டு இந்த ஆட்டம் ஸ்மாஷ் இல்லாமலேயே ஓடியது. புதியவர்களுக்கு அதை முழுக்க மறுக்கவும் வேண்டாம். பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடம், தாழ்வான வலையில், பழக்குபவர் போட்டுக்கொடுக்கும் பந்தை அடிக்கவிடுங்கள். இடது, வலது, இடது என்று மூன்று அடி வைத்துக் குதிப்பது வலது கைக்காரர்களின் முறை. இறங்கும்போது இரண்டு காலும் சேர்ந்து, முழங்கால் மடங்கி இறங்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்த பிறகே ஓங்கி அடிக்கச் சொல்லுங்கள்.

‘எனக்கு!’

இரண்டு பேருக்கு நடுவில் பந்து வருகிறது. இருவருமே எடுத்துவிடக் கூடிய பந்து. இவர் அவரைப் பார்க்கிறார், அவர் இவரைப் பார்க்கிறார், பந்து நடுவில் பொத்தென்று விழுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் ‘சாரி’ என்கிறார்கள். புதியவர்களின் ஆட்டத்தில் இது ஓயாமல் நடக்கும். இதற்குத் திறமை தேவையில்லை, வாய் திறந்தால் போதும். பந்து வலையைத் தாண்டும் முன்பே ‘எனக்கு!’ என்று ஒருவர் கத்த வேண்டும். வெளியே போகும் பந்தைப் பின்னால் நிற்பவர் ‘விடு!’ என்று சொல்ல வேண்டும். கத்தக் கூச்சப்படும் பிள்ளைகள் நிறைய. பழக்குபவர்கள் இதை ஒரு விதியாகவே வைக்கலாம்: சத்தம் கொடுக்காமல் எடுத்த பந்து கணக்கில் வராது. ஒரு மாலை முழுக்கச் சிரிப்பாகப் போகும், அப்புறம் பழக்கமாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

நடுவில் வலை இருப்பதால் எதிரணியோடு மோதல் குறைவு. அதனால் வெவ்வேறு வயதினரும் ஆண், பெண் இருபாலரும் சேர்ந்து பழக இது ஏற்ற ஆட்டம். அடிபடவே படாது என்று சொல்லவில்லை. கணுக்கால் மடங்கும், விரல் பந்தில் குத்திக்கொள்ளும், குதித்துக் குதித்து முழங்கால் வலிக்கும். வேகமாக வளரும் வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலி வருவது உண்டு. அந்தப் பிள்ளையைக் குதிக்க வைக்காமல் பாஸ், சர்வீஸ் என்று ஆடவிட்டு, வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ‘வலியைத் தாங்கிப் பழகு’ என்பவர் நல்ல பயிற்சியாளர் இல்லை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி வைத்துவிட வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும். பக்கத்து மைதானத்துப் பந்து காலடிக்கு உருண்டு வந்தால் ‘பால்!’ என்று கத்தி ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். உருளும் பந்தின் மேல் இறங்கும் கால்தான் மோசமாக மடங்கும்.

எந்தக் கிளப்பில் சேரலாம்?

சேர்வதற்கு முன் ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள். எத்தனை பந்து இருக்கிறது? இரண்டு பேருக்கு ஒன்று என்றால் நல்லது, பதினைந்து பேருக்கு இரண்டு என்றால் வரிசையில் நிற்கத்தான் நேரம் போகும். ஆடத் தெரியாதவர்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா, அல்லது ‘ஓரமாக நின்று பார், பழகிடும்’ என்கிறார்களா? பந்தைத் தவறவிட்டவரைப் பழைய ஆட்டக்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பயிற்சியை யாரும் வந்து பார்க்கலாமா? பார்க்க வரக் கூடாது என்று தடை போடும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப யோசியுங்கள்.

முப்பது, நாற்பது வயதில் முதல் முறை ஆடவும் தயங்க வேண்டாம். மார்கன் யாருக்காக ஆரம்பித்தார் என்று மேலே பார்த்தோமே. நிற்கவோ நடக்கவோ சிரமம் உள்ளவர்களுக்கு அமர்ந்து ஆடும் வாலிபால் இருக்கிறது: 10-க்கு 6 மீட்டர் மைதானம், ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயர வலை. 1980 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறுகிறது. இதைக் கிளப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் ஆடிப் பாருங்கள். காலால் ஓட முடியாதபோது, கையைத் தயாராக வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்று நன்றாக ஆடுபவர்களுக்கும் உறைக்கும்.

கொஞ்ச நாளில் மூன்றுக்கு மூன்று ஆட்டத்தில் பந்து நான்கைந்து முறை வலையைக் கடந்து போய்வர ஆரம்பிக்கும். அப்போது நான்குக்கு நான்கு, பிறகு ஆறுக்கு ஆறு என்று கூட்டிக்கொண்டு போகலாம். முதல் போட்டி வைப்பதானால் பக்கத்து அணி ஒன்றைக் கூப்பிட்டு, 15 புள்ளிக்குச் சின்னச் சின்ன செட்டுகளாக, வந்த எல்லோரையும் இறக்கி ஆடுங்கள். ஒருவரே தொடர்ந்து ஐந்து சர்வீஸுக்கு மேல் போடக் கூடாது என்று வைத்துக்கொண்டால், நல்ல சர்வீஸ்காரர் ஒருவரே செட்டை முடித்துவிடும் சலிப்பும் இருக்காது. விசிலையும் கோட்டுக்கொடியையும் ஆடாமல் இருக்கும் பிள்ளைகளிடமே கொடுங்கள், விதி மனப்பாடமாகிவிடும். வாக்குவாதம் பெரும்பாலும் கோட்டில் விழுந்த பந்துக்காகத்தான் வரும். கொடி பிடிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கோட்டைத் தொட்டாலும் அது உள்ளே விழுந்த பந்துதான்.